கை நனைப்பதும் கை கழுவுவதும்



"வந்ததுக்கு ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போங்க" என்று விருந்தாளியைப் பிடித்து உட்கார வைப்போம். சாப்பிடுவதற்கே நம் பக்கம் கை நனைப்பது என்று பெயர். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் பலர் நிஜமாகவே கையை நனைக்க மட்டும்தான் செய்கிறோம்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பந்திக்குப் போகிறவர்கள் குழாயைத் திறந்து விரல் நுனியை நீட்டினார்கள், உதறினார்கள், போனார்கள். சோப்பு காய்ந்தே கிடந்தது. சாப்பிட்டு வந்தவர்களோ அதே சோப்புக்கு வரிசையில் நின்றார்கள். நெய்யும் பாயசமும் பிசுபிசுக்கிறதே! பஸ் கம்பியிலும் ரூபாய் நோட்டிலும் ஒட்டி வந்தது அப்படிப் பிசுபிசுப்பதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. அதுதான் சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது.

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையிலும் கண் இப்படித்தான் ஏமாற்றியது. பிணங்களை அறுத்துப் பார்த்த டாக்டர்கள், கையைக் கழுவிவிட்டுப் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். பார்க்கச் சுத்தமான கைதான். பிண வாடை மட்டும் போகவில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்த வார்டில், ஜூனில் இறந்தது நூற்றுக்கு 2 பேர். எத்தனை வீடுகளில் தாய் பிழைத்திருப்பாள்!

நமக்கு அந்தக் கரைசல் வேண்டாம், சாதாரண சோப்பே போதும். தோலில் எப்போதும் லேசாக எண்ணெய்ப் பசை உண்டு, கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? கையிலும் அதேதான். சோப்புதான் அந்தப் பசையைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போகிறது. ஃப்ளூ, கொரோனா வைரஸ்களின் மேலுறையே கொழுப்பு. சோப்பு அதை உடைத்துவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கு அந்த உறை கிடையாது. அதைத் தேய்த்துத்தான் போக்க வேண்டும். அதனால்தான் குறைந்தது 20 விநாடி என்கிறார்கள்.

கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகித் தேயுங்கள். பிசைந்த சோற்றை வாய்க்குள் தள்ளுவது அந்த விரல்தான், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். விரல் நுனிகளை மறு உள்ளங்கையில் சுரண்டினால் நக இடுக்குக்கும் நுரை போகும். கழுவிய கையை முந்தானையிலோ வேட்டியிலோ துடைக்காதீர்கள். காலையிலிருந்து மூக்கைத் துடைத்ததும், அடுப்படிப் பாத்திரத்தை இறக்கியதும் அதே துணிதான். துவைத்த துண்டு இல்லையா? நன்றாக உதறி, காற்றில் உலர விடுங்கள்.