எல்லைப்புறப் பெயரும் இயங்குதளமும்



கொழிஞ்சாம்பாறை என்னும் ஊரை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ் நாள்தோறும் வழங்கும் எல்லைப்புற ஊர் அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது சித்தூரும், தெற்கே மலைமேலுள்ள தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. அம்மலைப்பகுதிகள் 1972 முதல் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக வளர்கின்றனர். கணினியின் முன் அமரும்போதும் அவர்களுக்கு ஓர் எல்லை குறுக்கிடுகிறது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன், கணினி வல்லுநன் அல்லேன். ஆயினும் இச்செய்தி எழுத்தைப் பற்றியது. ஆகையால் எனக்கும் உரியது.

மெய்நிகர் உலகம் என்று ஒன்று உண்டு. கணினித் திரையில் மலையும் மரமும் வீடும் அமைத்து, அவற்றினிடையே நாமே உலவும் கற்பனை உலகம் அது. பின்லாந்து நாட்டவரான பெர்த்து அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்னும் பெயரில் தொடங்கி, 2024 முதல் லுவாண்டி என வழங்கும் கட்டற்ற மென்பொருள் அத்தகைய உலகங்களை ஆக்கவல்லது. அவ்வுலகின் கதவு எப்போது திறக்கவேண்டும், மணி எப்போது ஒலிக்கவேண்டும் என்பனவற்றை லுவா என்னும் மொழியில் சிறு நிரல்களாக எழுதலாம். 1993இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்தது அம்மொழி; போர்ச்சுகீசியத்தில் அப்பெயருக்கு நிலவு என்பது பொருள். விண்டோஸ், லினக்ஸ், மாக், ஆண்ட்ராய்டு ஆகிய எல்லா இயங்குதளங்களிலும் லுவாண்டி இயங்கும். ஒருமுறை எழுதிய நிரல் எங்கும் ஒரேபடி நடக்கும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யா என்று பார்ப்பதே சோதனை.

கேரளத்தில் கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை வழங்குகிறது. வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருக்கலாம். கையிலுள்ள பேசியில் ஆண்ட்ராய்டு இருக்கலாம். அத்தகைய பிள்ளை ஒருத்தி, எல்லைப்புறச் சாலை ஒன்றை மெய்நிகர் உலகில் அமைத்து, ஊரின் பெயரைச் சரியாக எழுதினால் வாயிற்கதவு திறக்குமாறு வீட்டில் ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் கொண்டுபோய் இயக்கினால் அது நடவாமற்போக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கோப்பின் பெயர். நிரல் மற்றொரு நிரற்கோப்பை அழைக்கும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருந்தால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றுவிடும்.

இரண்டாவது, வரியின் முடிவு. பழைய தட்டச்சுப் பொறியில் வண்டியைத் தொடக்கத்திற்குத் தள்ளுவது ஒரு செயல். தாளை ஒரு வரி ஏற்றுவது மற்றொரு செயல். விண்டோஸ் இன்றும் இவ்விரண்டையும் இரு குறிகளாக எழுதுகிறது. லினக்ஸ் ஒரே குறியுடன் முடித்துவிடுகிறது. ஆகவே விண்டோஸில் சேமித்த ஊர்ப் பட்டியலை லினக்ஸில் வரிவரியாகப் படித்தால், ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது காரணம் நம் எழுத்தைச் சேர்ந்தது. 'கொ' என்பதன் கொம்பும் காலும் சேர்ந்த குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இடலாம்; கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் இடலாம். எழுத்துள்ளீட்டு மென்பொருள்களில் சில ஒருவாறும் சில வேறுவாறும் இடுகின்றன. மாக் கணினியில் 1998 முதல் வழங்கிய கோப்பு முறை, கோப்புப் பெயர்களை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. கொழிஞ்சாம்பாறை என்னும் பெயர் ஒரு வகையில் 14 குறிகள். மற்றொரு வகையில் 15. திரையில் இரண்டுக்கும் அணுவளவும் வேறுபாடில்லை. இரண்டையும் சமமாகக் கொள்ளவேண்டும் என்பதே ஒருங்குறியின் விதி. ஆனால் லுவா எழுத்தைப் பார்ப்பதில்லை. அதன் உள்ளே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. எனவே சரியாக விடை எழுதிய குழந்தைக்கு, தவறு என்னும் தீர்ப்பே கிடைக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மூணாறு, தேவிகுளம், குமுளி என்று எழுதிச் சோதித்தால் இக்குறை வெளிப்படாது; அப்பெயர்களில் இத்தகைய குறி இல்லை. கொல்லங்கோடு, கோவிந்தாபுரம், போடிமெட்டு என்று எழுதினால் வெளிப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் இதனை ஒருபோதும் காணமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் நானே இதனை அனுபவித்தேன். பலர் சேர்ந்து தொகுத்த கலைச்சொற் கோப்பொன்றில் 'கொள்முதல்' என்னும் சொல்லைத் தேடினேன். இல்லை என்றது கணினி. வேறொரு சொல்லை ஆக்கி மொழிபெயர்ப்பில் இட்டுவிட்டேன். பின்னர் பக்கங்களைப் புரட்டியபோது அச்சொல் அங்கேயே இருந்தது. ஒரே ஆவணத்தில் ஒரு பொருளுக்கு இரு சொற்கள் வந்துவிட்டன. ஒருவருடைய பெயரே இப்படித் தேடலில் கிட்டாது போனால், உரியது அவர் கைக்கு வராமலும் போகலாம் அல்லவா?

பரிகாரம் கடினமன்று. கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளாலேயே பெயரிடுக. வரியின் கடைசியில் ஒட்டியதைத் துடைத்துவிடுக. ஒப்பிடுமுன் இருபக்கத்துச் சொற்களையும் ஒரே வடிவத்திற்குக் கொணர்க. தமிழில் இவ்வாறு இரண்டாகப் பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும், ஔ என்னும் உயிரெழுத்தும் மட்டுமே. மலையாளத்திலும் அதே மூன்று உயிர்க்குறிகளுக்கு இந்நிலை உண்டு. ஆகையால் எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து பயன்படும். இத்தனையும் செய்தபின், ஒவ்வோர் இயங்குதளத்திலும் அதே ஊர்ப் பெயர்களை எழுதி மீண்டும் சோதிக்கவேண்டும். ஒரு கணினியில் நடந்தது என்பது பாதிச் சான்றே.

நேயர்களே, டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் உங்கள் பிள்ளைகளுள் பலர் நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்கள் எழுதியதைச் சோதிக்கும்போது கோமதி, சொக்கலிங்கம், கௌரி என்று நம் வீட்டுப் பெயர்களையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் ஊரின் பெயரைப் பிழையின்றி எழுதிய குழந்தை, கதவு திறவாமல் வெளியே நிற்கலாகாது.