குறுகிய படிக்கட்டும் நகரத்தின் வேகமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் ஊர்த் தேரோட்டத்தை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். நேர் வீதியில் தேர் விரைந்து வரும். வீதி முனையில் திரும்பும்போதுதான் நாழிகை கழியும். வடம் பிடிக்க இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் பயனில்லை. தேர் நிலைக்கு வரும் நேரத்தை அந்த முனையே நிர்ணயிக்கிறது.

இவ்வுண்மையைத் தொழிற்சாலைகளுக்கு எடுத்துரைத்தவர் இஸ்ரேல் நாட்டு இயற்பியல் அறிஞர் எலியாஹு கோல்ட்ராட். 1984-இல் வெளிவந்த 'தி கோல்' என்னும் நாவலின் வாயிலாக அவர் இதனை விளக்கினார். ஆலையில் எத்தனை இயந்திரங்கள் இருப்பினும், மிக மெதுவாக இயங்கும் ஒன்றின் அளவே ஆலையின் விளைவு என்பது அவர் கொள்கை.

நாம் வாழும் இந்த மும்பை மாநகருக்கும் இது பொருந்தும். பஞ்சாலைகள் நிறைந்திருந்த பரேல் வட்டாரத்தில், ஆலைகள் ஓய்ந்தபின் அலுவலகங்கள் எழுந்தன. 9 பெட்டி வண்டிகள் 12 பெட்டிகளாக நீண்டன. ஆனால், இன்று பிரபாதேவி என வழங்கும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலப் படிக்கட்டு மட்டும் குறுகியதாகவே நின்றது. 2017 செப்டம்பர் 29 காலையில், மழைக்கு ஒதுங்கியோர் படியில் நிற்க, வண்டிகளிலிருந்து இறங்கியோர் பின்னே வந்து சேர, நெரிசலில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று குறைந்திருந்தது வண்டி அன்று, படியின் அகலமே. பின்னர் இராணுவத்தினர் அமைத்த புதிய பாலம் 2018 பிப்ரவரி 27 அன்று திறக்கப்பட்டது.

கோல்ட்ராட் கூறும் படிமுறைகள் 5. முதலாவது, குறுகலைக் கண்டறிதல். இரண்டாவது, பெருஞ்செலவின்றி அதன் முழுப்பயனையும் பெறுதல். ஏறுவோரையும் இறங்குவோரையும் தடுப்புக் கம்பியால் பிரிப்பதும், படியை மறிக்கும் பொருள்களை அகற்றுவதும் இதில் அடங்கும். மூன்றாவது, மற்றவற்றை அதற்கு இசையச் செய்தல். இருபுறமும் வண்டிகள் ஒரே நிமிடத்தில் வந்து நில்லாதவாறு நேரம் வகுப்பது இத்தகையது. நான்காவது, குறுகலையே அகலப்படுத்துதல். ஐந்தாவது, மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல். ஏனெனில், பாலம் அகன்றால் குறுகல் நிலைய வாயிலுக்கு இடம் மாறும். வாயில் அகன்றால் வெளியிலுள்ள சந்துக்கு மாறும்.

முதற்படியில் நமக்கும் பங்குண்டு. வரைபடம் தீட்டுபவரைவிட, நாள்தோறும் அப்படியில் நெரிபடுபவரே குறுகலை நன்கு அறிவார். ஆயினும், "கூட்டம் மிகுதி" என்று பொதுவாகப் புலம்பிவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். அவ்வாறன்றி, எந்த நிலையம், எந்தப் படிக்கட்டு, எந்த மணி, எத்தனை நிமிடம் நின்றோம் என்று குறித்துப் புகார்ப் புத்தகத்தில் எழுதுவோமாக. ஒருவர் எழுதினால் குறை. நூறு பேர் ஒரே படிக்கட்டைக் குறித்து எழுதினால் அது கணக்கு. கணக்கை எந்த நிர்வாகமும் எளிதில் தள்ளிவிட இயலாது.

பிழைப்புத் தேடி வந்த நம்மை ஏற்றுக்கொண்ட நகரம் இது. அதற்கு நாம் செய்யும் சிறு கைம்மாறாக இதனைக் கொள்வோம்.