வாங்குபவர் கையிலுள்ள வலிமை

முட்டையைக் கையில் எடுக்கும்போது அதை இட்ட கோழியை நாம் நினைப்பதில்லை. முன்னாளில் அதைத் தனியாக நினைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கோழி நம் வீட்டுக் கொல்லையைக் கிளறிக்கொண்டு கண்ணெதிரே திரிந்தது. இன்று அது கண்ணுக்கெட்டாத தூரத்தில், வரிசை வரிசையான கம்பிக் கூண்டுகளில் வாழ்கிறது.

அலுவலகங்களில் பயன்படும் ஏ4 தாள் ஒன்றை மேசைமீது வையுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 97 சதுர அங்குலம். பல பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் அந்தத் தாளைவிடச் சிறியது. அதில் அது சிறகை விரிக்க இயலாது. மண்ணில் புரள இயலாது. முட்டையிட மறைவிடம் தேடவும் இயலாது.

இந்த நிலையை மாற்ற வல்லவர் யார்? சட்டம் இயற்றும் அரசாங்கம் என்றே நாம் உடனே கூறுவோம். அது சரியே. ஆனால் சட்டத்தோடு கூட இன்னொரு வலிமையும் உண்டு. அது கோடிக்கணக்கில் முட்டையும் இறைச்சியும் வாங்கும் துரித உணவு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. இறைச்சிக்காக வெட்டப்படும் கால்நடைகளை முதலில் நினைவிழக்கச் செய்ய வேண்டும் என்ற சட்டம் அங்கே 1958ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆயினும் 1996இல் டெம்பிள் கிராண்டின் என்ற அறிஞர் அரசாங்கத்துக்காக ஆய்வு நடத்தியபோது, நூறு மாடுகளில் தொண்ணூற்றைந்தையாவது முதல் முயற்சியிலேயே நினைவிழக்கச் செய்த கூடங்கள் பத்தில் மூன்றே. காரணம் பெரும்பாலும் கொடுமனம் அன்று. கருவிகளைச் சரிவரப் பழுதுபார்க்காத அலட்சியமே. 1999இல் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் அவரைக் கொண்டு பரிசோதகர்களைப் பயிற்றுவித்து அனுப்பியது. தேறாத கூடம் வாடிக்கையை இழக்கும் என்ற நிலை வந்தது. அந்த ஆண்டிலேயே பத்தில் ஒன்பது கூடங்கள் தேறின. சட்டம் மாறவில்லை, வாங்குபவரின் கட்டளை மாறியது. அவ்வளவே.

அந்த நிறுவனத்தின் மனம் தானாக மாறிவிட்டதா? இல்லை. ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியரைப் போன்றோர் பல ஆண்டுகள் விடாது வற்புறுத்தினர், நிறுவனத்தாரோடு பேசினர், பொதுமக்களிடமும் முறையிட்டனர்.

மேற்கூறிய சட்டம் அங்கே கோழிகளைக் காப்பதில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டில் அதே நிறுவனம், தனக்கு முட்டை விற்போர் ஒவ்வொரு கோழிக்கும் 72 சதுர அங்குலமாவது இடம் தரவேண்டும் என்று விதித்தது. அது நம் தாளில் முக்கால் பங்குதான். ஆனாலும் பிற நிறுவனங்களும் அவ்வழியே வரலாயின. 2015இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாண்டுகளுக்குள் கூண்டில்லாப் பண்ணைகளின் முட்டையையே வாங்குவோம் என்று அது உறுதி கூறியது. அமெரிக்காவில் அவ்வுறுதி நிறைவேறிவிட்டதாக 2024இன் தொடக்கத்தில் அறிவித்தது.

இதனால் எல்லாம் நிறைவேறிவிட்டது என்று எண்ணலாகாது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பிராய்லர் கோழி ஆறு வாரங்களுக்குள் வெட்டும் எடையை அடையுமாறு இனவிருத்தி செய்யப்பட்டிருக்கிறது. அந்த எடையைத் தாங்க மாட்டாமல் பல கோழிகளுக்குக் கால்கள் நொடிந்துபோகின்றன. இவ்விஷயத்தில் பல நிறுவனங்கள் இன்னும் தயங்கியே நிற்கின்றன.

“விலை ஏறிவிடுமே!” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இடம் கூடினால் செலவு கூடும் என்பது மெய். ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடச் சொல்வது என் கருத்தன்று. வசதியுள்ளோருக்கு விற்று லாபம் காணும் பெரிய நிறுவனங்கள் முதலில் தொடங்கட்டும் என்பதே என் கோரிக்கை. அந்தச் செலவையும் பண்ணைக்காரர் தலையில் மட்டும் சுமத்தாமல், நீண்டகால ஒப்பந்தமும் தக்க விலையும் தந்து அவை பங்கிட்டுக்கொள்ளட்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் செய்த முயற்சியின் பயனாக, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. உயரமும் நீளமும் அகலமும் போதாமையால் பிராணி நியாயமாக அசைய இயலாத கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறுகிறது. கோழிப் பண்ணைகளைப் பற்றிச் சட்ட ஆணையமும் 2017இல் தனியே ஓர் அறிக்கை அளித்தது. ஆயினும் கம்பிக் கூண்டுகள் நம்மிடையே இருக்கவே செய்கின்றன. சட்டத்துக்கும் கூண்டுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை, அமெரிக்காவில் போலவே, வாங்குபவர் குறைக்க முடியும்.

ஆகவே, நேயர்களே, துரித உணவகங்களுக்குச் செல்பவர்கள் அந்த நிறுவனங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடிதம் எழுதியும் கேளுங்கள். உங்கள் முட்டையும் இறைச்சியும் எத்தகைய பண்ணையிலிருந்து வருகின்றன? எந்த ஆண்டுக்குள் கூண்டுகளைக் கைவிடுவீர்கள்? அதைப் பரிசோதித்து முடிவை வெளியிடுபவர் யார்? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். கணக்குக் காட்டாத வாக்குறுதி வெறும் விளம்பரமாகவே முடியும்.

கோழிக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அதன் முட்டையை உண்பவருக்குத் தெரியும். அந்தக் கடமையை நாம் செய்வோமாக.