கொத்தாகப் பார்த்தால் தெரிவது

டென்மார்க் வானியலாளர்களுக்குச் சொந்த ஊர் வானம் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. மேகம் அதிகம்; மலையே இல்லை. நாட்டின் மிக உயரமான மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 171 மீட்டர்தான். அதனால் அவர்கள் தங்கள் தொலைநோக்கி ஒன்றைச் சிலி நாட்டின் லா சில்லா மலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதன் கண்ணாடி ஒன்றரை மீட்டர் விட்டம் கொண்டது. அன்றைய கணக்கிலேயே நடுத்தர அளவுதான். 1988 ஆகஸ்டில் அந்தத் தொலைநோக்கி ஒரு சூப்பர்நோவாவைப் பிடித்தது. வெடித்துச் சிதறிய அந்த விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன.

எப்படிப் பிடித்தார்கள்? ஒரு கேலக்ஸியில், அதாவது ஒரு விண்மீன் மண்டலத்தில், இவர்கள் தேடிய வகை சூப்பர்நோவா எப்போதாவதுதான் வெடிக்கும். ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆனால் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பு விசையால் பிணைந்து கூட்டமாக வாழும் இடங்கள் உண்டு. அவைதான் கேலக்ஸிக் கொத்துகள். கொத்து ஒன்றைப் படமெடுத்தால், ஒரே படத்தில் அத்தனை கேலக்ஸிகளும் அகப்பட்டுவிடும். ஹான்ஸ் உல்ரிக் நோர்கோ நீல்சன், லைஃப் ஹான்சன், ஹென்னிங் யோர்கன்சன் ஆகிய டேனிஷ் வானியலாளர்களும், பிரிட்டன், ஆஸ்திரேலியக் கூட்டாளிகளும் அதே கொத்துகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். புதிய படத்திலிருந்து பழைய படத்தைக் கணினியில் கழித்தார்கள். மிஞ்சும் புள்ளி எதுவோ அதுதான் புதிது.

இரண்டு ஆண்டு உழைப்புக்கு, தேடிய வகையில் உறுதியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. எண்ணிக்கை சொற்பம்தான், ஆனால் வழி சரியான வழி. பத்தாண்டு கழித்து, இதே கழித்தல் முறையைப் பெரிய கேமராக்களோடு கையாண்ட இரண்டு குழுக்கள் பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிகிறது என்று கண்டறிந்தன. அதற்கு 2011ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் 1988ன் லா சில்லாவையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அந்த சூப்பர்நோவா வெடித்த கொத்துக்கு ஏசி 118 என்று பெயர். ஏபெல் 2744 என்பதும் அதுவே. பிற்பாடு பண்டோரா கொத்து என்ற பெயரில் அது புகழ்பெற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் அங்கே கேலக்ஸிகள் மட்டும் தெரியும். அவை கொத்தின் மொத்த நிறையில் 5 சதவீதம்கூட இல்லை. கேலக்ஸிகளுக்கு இடையே பல கோடி டிகிரி சூட்டில் வாயு நிரம்பியிருக்கிறது. அது எக்ஸ்ரே கதிர்களில்தான் ஒளிர்கிறது. அதன் பங்கு சுமார் 20 சதவீதம். மீதி முழுவதும் எந்தக் கதிரிலும் தென்படாத கரும்பொருள். அதன் ஈர்ப்பு, பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை வளைப்பதைக் கொண்டுதான் அதன் இருப்பை அறிகிறார்கள்.

ஆகவே கொத்துகளைத் தேட, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றும் எக்ஸ்ரேயில் ஒன்றுமாக இரண்டு வகைக் கணக்கெடுப்பும் வேண்டும். ஒளிப்படத்தில் ஏமாற இடமுண்டு. நெடுஞ்சாலையில் தூரத்தூரமாக நிற்கும் விளக்குகள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் ஒரு கும்பலாகத் தெரிவதுபோல, வெவ்வேறு தொலைவிலுள்ள கேலக்ஸிகள் கொத்தாகத் தோற்றமளிக்கும். எக்ஸ்ரேயில் அந்த மயக்கம் குறைவு; உண்மையிலேயே கூடிக்கிடக்கும் சூடான வாயு தனித்துப் பளிச்சிடும். ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்ல மறுபடியும் ஒளிப்படத்திடம்தான் போகவேண்டும்.

எக்ஸ்ரே கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால் அவற்றைப் பார்க்கும் தொலைநோக்கி விண்வெளிக்குப் போயாக வேண்டும். டென்மார்க் அதற்கும் தயாரானது. சோவியத் நாட்டோடு சேர்ந்து சோடார்ட் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கியை உருவாக்கியது. சோவியத் ஒன்றியம் உடைந்தது, திட்டம் இழுத்துக்கொண்டே போனது, சோடார்ட் பறக்கவே இல்லை. அது ஏறவேண்டிய ஸ்பெக்டர் ஆர்ஜி விண்கலம் உருமாறி 2019 ஜூலையில் கிளம்பியபோது, அதில் ஜெர்மனியின் எக்ஸ்ரே தொலைநோக்கியான ஈரோசிட்டா இருந்தது. அதன் முதல் கணக்கெடுப்பிலிருந்து 2024ல் வெளியான பட்டியலில் 12,247 கொத்துகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒளிப்படக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்யப்பட்டது.

கோபன்ஹேகனின் அழகான பங்களிப்பு ஒன்று 2011ல் வந்தது. நீல்ஸ் போர் நிறுவனத்தைச் சேர்ந்த ராடோஸ்லாவ் வோய்டாக், ஸ்டீன் ஹான்சன், யென்ஸ் யோர்ட் ஆகிய மூவரும் ஐன்ஸ்டீனின் ஒரு கணிப்பைக் கொத்துகளில் சோதித்தார்கள். கொத்தின் நடுவிலிருந்து கிளம்பும் ஒளி, கனத்த ஈர்ப்பிலிருந்து ஏறி வெளியே வருகையில் ஆற்றலை இழந்து சற்றே சிவக்க வேண்டும். அந்த மாற்றத்தை வேகக் கணக்கில் சொன்னால் விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். கொத்துக்குள் கேலக்ஸிகள் ஓடும் வேகமோ பல நூறு கிலோமீட்டர். ஒற்றைக் கொத்தில் இது தெரிய வாய்ப்பே இல்லை. எனவே ஸ்லோன் என்ற வானக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் 7,800 கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தார்கள். சிவப்பு வெளிப்பட்டது, ஐன்ஸ்டீனின் கணிப்போடும் பொருந்தியது.

விவாதம் அத்தோடு ஓயவில்லை. கேலக்ஸிகளின் ஓட்டத்தால் வரும் வேறு சில நுண்ணிய விளைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2013ல் வானியலாளர் நிக் கைசர் காட்டினார். அப்படித் திருத்தி அளக்க, இன்னும் ஏராளமான கொத்துகள் தேவை. 2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம் இப்போது ஒளியிலும் அகச்சிவப்பிலும் அவற்றைச் சேகரித்து வருகிறது. அடுத்த தலைமுறை எக்ஸ்ரே தொலைநோக்கியான அதீனாவின் கண்ணாடிகளுக்கு மெல்லிய உலோகப் பூச்சு தயாரிக்கும் ஆய்வில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருக்கிறது.