பாகற்கொடியும் நீரிழிவும்



பயிர்ச்செய்கை பற்றிப் பேச வந்தவன் நோயைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் கேட்கலாம். வலப்பனை, ஹங்குராங்கெத்தை போன்ற சற்று வெப்பமான பகுதிகளில் பாகல் பயிரிடுவோரும், ஹற்றன் கடைத்தெருவில் அதனை வாங்குவோரும் என்னிடம் ஓயாது வினவுவது இதுவே: "ஐயா, பாகற்சாறு குடித்தால் சீனி வியாதி மாறுமாமே! எலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்களாமே!"

கொடுத்துப் பார்த்தது உண்மையே. நம் நாட்டில் நீரிழிவைத் தணிக்கும் என மக்கள் நம்பும் மூலிகைகள் ஏறக்குறைய 40 உள. அவற்றுள் பெயர்பெற்ற சிலவற்றைக் கருணாநாயக்க, வெலிஹிந்த முதலிய ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1984ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கோத்தல ஹிம்புட்டுக் கஷாயம், வில்வக் கஷாயம், பாகற்காய்ச் சாறு ஆகிய மூன்றும் இரத்தத்துச் சீனியைக் குறைத்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவை நோயற்ற எலிகள்.

வேறு ஆய்வுகளில் எலிக்கு அலொக்சான் போன்ற இரசாயனத்தை ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து, சில நாட்களிலேயே நோயை உண்டாக்குவர். நம்மிற் பெரும்பாலோர்க்கு அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. அளவும் வேறு. எலியின் ஒரு கிலோ எடைக்குக் கொடுத்த அளவை ஏறக்குறைய ஆறால் வகுத்தே மனிதருக்குக் கணிப்பர்; குவளைக் கணக்கன்று அது. மனிதரிடம் பாகலைச் சோதித்த நான்கு பரிசோதனைகளை, 479 பேரைக் கொண்டவற்றை, 2012இல் கொக்ரேன் தொகுப்பு ஒருங்கே ஆராய்ந்தது. பாகலை மருந்தாகக் கொள்ளப் போதிய சான்று கிடைக்கவில்லை.

மூலிகை வீண் என்று நான் கூறவில்லை. கிளினிக்கில் உங்களுக்குத் தரும் மெட்ஃபோர்மின் மாத்திரைக்கும் மூலம் ஒரு செடியே. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் அவரையினச் செடி அது. அதை மேய்ந்த செம்மறியாடுகள் மடிவதுண்டு. அதிலுள்ள பொருளை ஒத்த, தீங்கு குறைந்த ஒன்றை ஆய்வகத்தில் ஆக்கினர். அதனை நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டேர்ன் வெளியிட்டது 1957இல். செடியிலிருந்து மாத்திரை வரை அத்தனை தூரம்!

ஆகவே பாகலைக் கறியாக்கி விருப்பம்போல் உண்ணுங்கள். அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சாற்றையும் மிகுதியாகக் குடித்தால் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரக்கூடும். செங்குத்தான மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மயக்கம் வந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சாறு குடிப்பவர் அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். கருவுற்ற தாய்மார் அதைத் தவிர்க்க வேண்டும்.

இனி என் தொழிலுக்குரிய செய்தி. நீங்கள் விற்கும் காயைச் சிலர் சமைக்காமலே பிழிந்து குடிக்கின்றனர். எனவே பீடைநாசினி தெளித்தபின், சுட்டுத்துண்டில் குறித்த நாட்கள் கழியுமுன் காய் பறித்தல் கூடாது. நல்ல விலை கிடைக்கும் நாளாயினும் கூடாது. பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடி, பழ ஈ குத்திய காய்களைக் கொடியின் கீழே கிடக்கவிடாது பொறுக்கி ஆழப் புதைத்துவந்தால், அந்த ஈக்கென மருந்தடிக்கும் தேவை பெரிதும் குறையும்.