கையெழுத்துக்கு முன்னால்

(சோழபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்னர்களின் சீர்திருத்தங்களை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்று பேசச் சொன்னார்கள். ரஷ்யாவின் இரண்டாம் அலெக்சாண்டரைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தேன். 1861இல் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்த ஜார் அவர். விடுதலை கொடுத்தவர், நிலத்துக்கு விலையாக 49 ஆண்டுகள் தவணை கட்டவும் சொன்னார். விடுதலையைப் படிக்கும் பிள்ளைகள் தவணையைப் படிப்பதில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று பிறகு தோன்றியது. இங்கிருந்து மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம். நமக்குத் தெற்கே உள்ள செங்கோட்டைகூட 1956 வரை கேரளப் பக்கம்தான் இருந்தது.

அந்தச் சமஸ்தானத்தில் 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியானது. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களுக்குள் இந்துக்கள் எவரும் போகலாம் என்றது அது. கையெழுத்திட்ட மன்னர் சித்திரைத் திருநாளுக்கு வயது 24. அப்போது நம் பக்கம் சென்னை மாகாணம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939இல்தான். அந்த இளைஞரின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இதைப் பாடமாக நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, "அதுவரைக்கும் யாருமே கேக்கலையா டீச்சர்?" என்றான். நான் மன்னரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கரும்பலகையில் எழுதியிருந்தேன்.

கேட்டார்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகவே சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் அங்கே போய் இருமுறை சிறைப்பட்டார், நாகம்மையாரும் கலந்துகொண்டார். கோயிலுக்குள் அல்ல, தெருவில் நடக்க! இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே ஆணையிட்டார். எவ்வளவு பெரிய வார்த்தை! ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. "எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம்" என்ற நிலையெடுத்து அய்யன்காளி வேலைநிறுத்தம் நடத்தினார். அரசு இசைந்து ஆணையும் போட்டது. அதற்குப் பிறகும், பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஆணை தலைநகரிலிருந்து வகுப்பறை வாசல் வரை வந்து சேர எத்தனை காலம் பிடிக்கிறது, பாருங்கள். வாசலில் நிற்பவர்கள் நாம் என்பதால் சொல்கிறேன்.

சித்திரைத் திருநாளின் ஆட்சி பிரகடனத்தோடு முடியவில்லை. 1937இல் பல்கலைக்கழகம் வந்தது. 1946இல் புன்னப்புரா-வயலாரில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே ஆட்சியில்தான். இரண்டையும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் குழம்ப மாட்டார்கள். நாம்தான் அப்படிப் பயப்படுகிறோம்.

அந்தப் பையன் கேட்ட பிறகு வினாத்தாளில் ஒரு மாற்றம் செய்தேன். 'பிரகடனத்தை வெளியிட்டவர் யார்?' என்ற ஒரு மதிப்பெண் வினா அப்படியே இருக்கிறது. கூடவே, 'திருவிதாங்கூர் சீர்திருத்தங்களில் உனக்கு நினைவில் நிற்கும் ஒருவரைப் பற்றி எழுது' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன். ஒரு மாணவி மன்னரை விட்டுவிட்டு மூன்றே வரி எழுதியிருந்தாள், பஞ்சமியைப் பற்றி. கடைசி வரியில், அந்தப் பள்ளி எரிந்த மறுநாள் அவள் எங்கே போனாள் என்று என்னிடமே கேட்டிருந்தாள். ஐந்தும் போட்டேன்.