படகில் வந்த குடிநீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எத்திசை நோக்கினும் நீர்தான். ஆயினும் நாம் பருகத்தக்கது அதில் ஒரு குடமும் இல்லை. கிணறு தோண்டினாலும் உப்பே ஊறும். டச்சுக்காரர் நாள்தோறும் வராப்புழைக்குப் படகனுப்பிச் சிறு பீப்பாய்களில் ஆற்றுநீர் கொணர்ந்ததை, 1727-இல் வெளிவந்த தம் நூலில் அலெக்சாண்டர் ஹாமில்டன் குறித்துள்ளார். கம்பெனி ஊழியர்க்கு அஃது இலவசம், ஊராருக்கோ விலை!

இத்தனை பாடும் எதற்காக? யானைக்கால் நோய்க்கு அஞ்சியே. கிணற்று நீரைப் பருகினால் கால் வீங்கும் என்றே அந்நாளில் நம்பினர்.

இலண்டனிலோ கதை தலைகீழ். அங்கே வாந்திபேதிக்குக் கெட்ட காற்றே காரணம் என்றனர். 1854-இல் மருத்துவர் ஜான் ஸ்நோ, பிராடு தெருவின் கைப்பம்பு நீரே குற்றவாளி எனக் காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நம் கிணறுகளோ வீண்பழி சுமந்தவை. யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் 1877-இல் சீனத்து அமோய் நகரில் கண்டறிந்த பின்னரே உண்மை துலங்கத் தொடங்கிற்று.

1914-இல் ஆலுவாயை அடுத்த சொவ்வரையிலிருந்து பெரியாற்று நீர் குழாய்வழி வந்தது. படகுத் தண்ணீரின் தேவை குறைந்தது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவோ பெரும்பாலும் நல்ல நீரை நாடுவதன்று. குழாயடியில் வழிந்து தேங்கும் சாக்கடையே அதற்குத் தொட்டில். அச்சாக்கடையைத் தாண்டித்தான் நம் வீட்டுப் பெண்கள் குடம் சுமந்தனர்.